நானூறு பேருக்குப் போன மெயில்

அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம் இருக்கும். மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் இருக்கைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நாற்காலியை உருட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து, ரொம்பத் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, இந்த டெஸ்ட் ஸ்கிரீன்ல வர்ற போன் நம்பருக்குக் கால் பண்ணினா நிஜமாவே யாராவது எடுப்பாங்களா?"

"மாட்டாங்கம்மா. எல்லாம் டம்மி டேட்டா."

"இல்லக்கா... பின்கோடு போட்டுத் தேடுற ஸ்கிரீனை டெஸ்ட் பண்ணச் சொன்னாங்க. சும்மா எங்க ஊர் பின்கோடைப் போட்டேன். இதுல மூணாவதா வர்றது எங்க தெரு டெய்லர் மாமா. நாமினின்னு அவர் பொண்ணு பேரு இருக்கு."

எழுந்து போய்ப் பார்த்தேன். பெயர், கதவு எண், பிறந்த தேதி, பான் எண், ஆண்டு வருமானம், எந்தெந்த மாதம் தவணை எத்தனை நாள் தாமதம், நாமினி. டெய்லர் மாமாவின் கடன் கதை மொத்தமும், அவரை மாமா என்று கூப்பிட்டு வளர்ந்த பெண்ணின் திரையில். அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. "நான் எதுவும் தப்புப் பண்ணலையேக்கா?" என்றாள். "நீ இல்லம்மா" என்றேன். அதற்கு மேல் அப்போது என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை.

இது நடந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. எந்த நிறுவனம், எந்த வாடிக்கையாளர் என்பதை எழுதப் போவதில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் கண்ணாடிக் கட்டடங்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தொடங்கிய ஒரு கேள்வி என்னை விடவே இல்லை, அதைத்தான் எழுத வேண்டும். ஆயிரக்கணக்கான பேர் வேலை பார்க்கிற இடத்தில், ஒரு மனிதரின் அந்தரங்கத் தகவலுக்குப் பொறுப்பு யார்?

எங்கள் லிஃப்ட் வாசலில் அதற்குப் பதில் எழுதியே ஒட்டியிருந்தார்கள். தகவல் பாதுகாப்பு நம் அனைவரின் பொறுப்பு என்று. தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் மேலே போனோம்.

என்ன நடந்தது என்று தோண்டி எடுக்க இரண்டு நாள் ஆனது. பதினான்கு மாதத்துக்கு முன்னால் வட்டிக் கணக்கில் ஒரு பிழை. டம்மி டேட்டாவை வைத்து எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் வரவில்லை. நிஜ வாடிக்கையாளர் கணக்கில் மட்டும் வந்தது. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. சரி, நிஜ டேட்டாவையே ஒரு காப்பி எடுத்து டெஸ்ட் சர்வரில் போட்டுப் பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். முறையாக அனுமதி கேட்டு, முறையாக அனுமதியும் கிடைத்தது. "இரண்டு நாள் மட்டும், வெள்ளிக்கிழமைக்குள் அழிக்கப்படும்" என்று மெயில் போனது. வியாழன் ராத்திரி பிழை பிடிபட்டது. எல்லாரும் வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. நான்கு மாதம் கழித்து அதே டெஸ்ட் சர்வரை இன்னும் இரண்டு டீமுக்காக அப்படியே நகலெடுத்தார்கள். ஒரு காப்பி மூன்று காப்பி ஆனது.

மீட்டிங் ரூமில் நான்கு டீம் உட்கார்ந்தோம். யாரும் குரல் உயர்த்தவில்லை.

டேட்டாபேஸ் டீம்காரர் சொன்னார்: "காப்பி எடுக்கச் சொல்லி டிக்கெட் வந்துச்சு, அப்ரூவல் இருந்துச்சு, எடுத்துக் கொடுத்தோம். அழிக்கச் சொல்லி டிக்கெட் வரலையே."

அப்ளிகேஷன் டீம்: "பக் முடிஞ்சதும் நாங்க க்ளோஸ் பண்ணிட்டோம். சர்வர் எங்களோடது இல்ல."

இன்ஃப்ரா டீம்: "சர்வர்தான் எங்களோடது. உள்ள என்ன இருக்குன்னு திறந்து பாக்குற உரிமையே எங்களுக்குக் கிடையாதுங்க."

செக்யூரிட்டி டீம்: "ப்ரொடக்‌ஷன் டேட்டாவை டெஸ்டுக்குக் கொண்டுபோகக் கூடாதுன்னு பாலிசியே இருக்கு. வருஷா வருஷம் எல்லாருக்கும் மெயில் போடுறோம்."

நான்கு பேர் சொன்னதும் நூற்றுக்கு நூறு உண்மை. எனக்குப் பயம் வந்தது அதனால்தான். யாராவது ஒருவர் பொய் சொல்லியிருந்தால், சோம்பேறியாக இருந்திருந்தால், பிரச்சினை அங்கே இருக்கிறது என்று கை காட்டியிருக்கலாம். இங்கே எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். வேலைக்கும் வேலைக்கும் நடுவில் இருக்கிற சந்தில் லட்சக்கணக்கான பேரின் விவரம் விழுந்து கிடந்திருக்கிறது.

அந்த முதல் மெயிலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அறுபத்திரண்டு பேருக்குப் போயிருந்தது. காப்பி போனவர்கள் பட்டியலில் நாற்பதாவது இடத்தையொட்டி என் பெயரும் இருந்தது. திறந்து படித்ததற்கான அடையாளமும் இருந்தது. படித்திருக்கிறேன். இதை யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்திருக்கிறேன். மற்ற அறுபத்தியொரு பேரும் அதையேதான் நினைத்திருப்பார்கள்.

அப்போதுதான் ஈக்விஃபாக்ஸ் விவகாரத்தை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். பெயர் எல்லாருக்கும் தெரியும். சிபில் ஸ்கோர் என்று நாம் சொல்கிறோமே, அதே வேலையை அமெரிக்காவில் செய்கிற மூன்று பெரிய நிறுவனங்களில் ஒன்று. அட்லாண்டாவில் தலைமையகம். இந்தியாவிலும் கிளை நிறுவனம் உண்டு. ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களில் அதுவும் ஒன்று. 2017-இல் அங்கிருந்து ஏறக்குறைய 14.8 கோடி அமெரிக்கர்களின் பெயர், பிறந்த தேதி, முகவரி, சோஷியல் செக்யூரிட்டி எண் எல்லாம் திருடு போயின. அந்த நாட்டின் மக்கள் தொகையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. ஹேக்கர்கள் கெட்டிக்காரர்கள், புகுந்துவிட்டார்கள் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் தனித்தனியாக விசாரித்து அறிக்கை கொடுத்தன, ஒன்று 2018 டிசம்பரில், இன்னொன்று 2019 மார்ச்சில். அவற்றில் இருப்பது எங்கள் மீட்டிங் ரூமின் கதை. அளவுதான் பெரிது.

2017 மார்ச் 7-ஆம் தேதி, அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்கிற மென்பொருளில் பெரிய ஓட்டை இருப்பது வெளியே தெரிகிறது. அடைப்பதற்கான திருத்தமும் அன்றைக்கே வந்துவிடுகிறது. மறுநாள் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கை அனுப்புகிறது. 9-ஆம் தேதி ஈக்விஃபாக்ஸின் பாதுகாப்புக் குழு, நிறுவனத்துக்குள் நானூறு பேருக்கும் மேல் மெயில் போடுகிறது: ஸ்ட்ரட்ஸை யார் பயன்படுத்தினாலும் 48 மணி நேரத்துக்குள் திருத்தத்தைப் போடுங்கள். இதுவரை எல்லாம் ஒழுங்கு. இதைவிட வேகமாக யாரும் செய்திருக்க முடியாது.

ஆனால் தங்கள் மென்பொருளில் ஸ்ட்ரட்ஸ் இருப்பதை அறிந்த டெவலப்பர் அந்தப் பட்டியலில் இல்லை. அவருடைய மேலாளர் இருந்தார். மேலாளர் அதை அவருக்கு அனுப்பவில்லை.

ஒரு வாரம் கழித்து ஓட்டை எங்கேயாவது இருக்கிறதா என்று கருவியை வைத்துத் தேடியும் பார்த்தார்கள். மேல் அடுக்கு ஃபோல்டரில் தேடினார்கள். ஸ்ட்ரட்ஸ் இருந்தது உள் ஃபோல்டரில். "எதுவும் கிடைக்கவில்லை" என்று முடிவு வந்தது. மே மாதம் 13-ஆம் தேதி திருடர்கள் அதே ஓட்டை வழியாக உள்ளே வந்தார்கள். வாடிக்கையாளர்கள் தங்கள் கடன் அறிக்கையில் தப்பு இருந்தால் புகார் சொல்வதற்காக இருந்த தளத்துக்குள்தான் நுழைந்தார்கள். எழுபதுகளில் உருவாகி, மேலே மேலே கட்டிக்கொண்டே வந்த பழைய அமைப்பு. தன் கணக்கில் பிழை இருக்கிறது, சரிசெய்யுங்கள் என்று நம்பி வந்தவர்களுக்காகத் திறந்து வைத்த வாசல். உள்ளே போனவர்களுக்குப் பூட்டாமல் கிடந்த ஒரு கோப்பில் பயனர் பெயர்களும் பாஸ்வேர்டுகளும் கிடைத்தன. அதை வைத்து, அந்தத் தளத்துக்குச் சம்பந்தமே இல்லாத 48 டேட்டாபேஸ்களுக்குள் போனார்கள். சுமார் 9,000 தடவை கேள்வி கேட்டுத் தேடினார்கள். 76 நாள்.

76 நாளும் ஏன் தெரியவில்லை என்பதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைப்பது போல மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன். உள்ளே போவதையும் வருவதையும் பார்ப்பதற்கென்றே ஒரு கருவி இருந்தது. அது வேலை செய்ய ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழ் காலாவதியாகிப் பத்தொன்பது மாதம் ஆகியிருந்தது. வாசலில் காவலாளி இருந்தார்; கண்ணாடி உடைந்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது; கண்ணாடி மாற்றித் தருவது யார் வேலை என்று தெளிவாக இல்லை. ஜூலை 29-ஆம் தேதி ஒருவர் சான்றிதழைப் புதுப்பித்தார். உடனே சந்தேகத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டது. மறுநாளே தளத்தை மூடிவிட்டார்கள்.

அக்டோபரில், திருட்டு நடந்தபோது தலைமை நிர்வாகியாக இருந்த ரிச்சர்ட் ஸ்மித் நாடாளுமன்றக் குழு முன்னால் வந்தார். அதற்குள் பதவியிலிருந்து விலகியிருந்தார். திருத்தம் போடச் சொல்லும் தகவலை உரியவருக்குச் சொல்லாமல் விட்டது ஒரு தனிமனிதரின் தவறு என்பது அவர் கொடுத்த விளக்கத்தில் முக்கியப் பகுதி. அதற்கு முந்தைய நாள் தொழில்நுட்பப் பிரிவின் மூத்த அதிகாரி ஒருவரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். காரணம், மெயிலை ஃபார்வர்டு செய்யவில்லை. நானூறு சொச்சம் பேருக்கு வந்த மெயில் அது.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. 14.8 கோடி பேரின் விவரத்தைக் காப்பாற்றும் ஏற்பாடு முழுக்க, ஒருவர் ஒரு மெயிலைத் தட்டிவிடுவதை நம்பி நிற்கிறதென்றால், தவறு அவருக்கு எத்தனை படி மேலே இருக்கிறது என்று யோசிக்க வேண்டாமா? அதே நிறுவனத்தில் 2015-இலேயே உள்தணிக்கை நடந்திருக்கிறது. அடைக்கப்படாத 8,500 ஓட்டைகள், பல மூன்று மாதத்துக்கும் மேல் பழையவை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். திருத்தத்தைப் போட்டோமா இல்லையா என்பதை யாரும் சரிபார்ப்பதில்லை, சம்பந்தப்பட்டவர்களின் சொல்லை நம்பித்தான் ஓடுகிறது என்றும் சொல்லியிருக்கிறார்கள். தங்களிடம் என்னென்ன மென்பொருள் எங்கெங்கே ஓடுகிறது என்கிற முழுப் பட்டியலே அவர்களிடம் இல்லை. வீட்டில் எத்தனை கதவு என்றே எண்ணாதவர்கள், எல்லாக் கதவையும் பூட்டுங்கள் என்று மெயில் போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் அறிக்கையில் இருக்கிறது. 2005 வாக்கில் பாதுகாப்புத் தலைவருக்கும் தொழில்நுட்பத் தலைவருக்கும் ஒத்துப்போகவில்லை. அதனால் பாதுகாப்புப் பிரிவைச் சட்டப் பிரிவுத் தலைவரின் கீழ் கொண்டுபோய் வைத்தார்கள். சண்டை போட்ட இருவரும் போய்விட்டார்கள். ஏற்பாடு மட்டும் பன்னிரண்டு வருஷம் அப்படியே நின்றது. பாலிசி எழுதுகிறவர்கள் ஒரு கட்டடம், அதைச் செய்து முடிக்க வேண்டியவர்கள் இன்னொரு கட்டடம் மாதிரி. ஊர் இரண்டுபட்டால் என்று நம் பெரியவர்கள் தொடங்குவார்களே, அது ஞாபகம் வந்தது. பெரிய நிறுவனங்களில் பல சுவர்களை எழுப்பியவர் யார், எதற்கு என்று கேட்டால் இப்படித்தான் எப்போதோ முடிந்துபோன ஒரு மனஸ்தாபத்தில் போய் நிற்கும்.

எங்கள் அலுவலகத்திலும் ஒரு தனிமனிதர் கிடைத்தார். காப்பியை எடுத்துக் கொடுத்த டேட்டாபேஸ் பையனை அந்தப் பிராஜெக்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அனுமதி இருந்தது, டிக்கெட் இருந்தது, எல்லாம் இருந்தது. அவன் பை எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்த அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் புதுப் பெண் என்னிடம் வந்து, "நான் சொல்லாமயே இருந்திருக்கலாமோக்கா?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு என்ன விலை என்று யாராவது கணக்குப் போட்டார்களா தெரியாது. ஈக்விஃபாக்ஸ் 2019-இல் எழுபது கோடி டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டு சமரசம் செய்தது. அது கணக்கில் வரும். ஒருவனைப் பலி கொடுத்ததைப் பார்த்த நூறு பேர் அடுத்த தடவை வாயைத் திறக்காமல் இருப்பது எந்தக் கணக்கிலும் வராது.

இந்தியாவுக்கு நேரடித் தொடர்புள்ள இன்னொரு சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன். 2013 நவம்பர் கடைசியில் டார்கெட் என்கிற அமெரிக்கக் கடைத்தொடரில் சுமார் நான்கு கோடி கார்டு விவரங்களைத் திருடத் தொடங்கியபோது, அவர்கள் வாங்கி வைத்திருந்த பாதுகாப்புக் கருவி சரியாகவே மணி அடித்தது. அதைப் பார்த்தவர்கள் பெங்களூருவில் கண்காணிப்புப் பணியில் இருந்தவர்கள். அமெரிக்கத் தலைமையகத்துக்குத் தகவலும் சொன்னார்கள். மினியாபொலிஸில் இருந்த அந்தத் தலைமையகத்தில் உரிய நேரத்தில் யாரும் எதுவும் செய்யவில்லை என்று பின்னால் பத்திரிகைகள் எழுதின. ராத்திரி ஷிஃப்ட் பார்த்த எல்லாருக்கும் இது புரியும். நாம் பார்க்கிறோம், சொல்கிறோம். சொன்னதோடு நம் வேலை முடிந்தது என்று ஒப்பந்தம் சொல்கிறது. கேட்டவர் எழுந்தாரா என்று பார்க்கிற வேலை யாருடைய ஒப்பந்தத்திலும் இல்லை. திருடர்கள் உள்ளே நுழைந்தது ஏசி, குளிர்பதன வேலை பார்க்கிற ஒரு ஒப்பந்த நிறுவனத்துக்குக் கொடுத்திருந்த லாகின் வழியாக. ஆக, அந்தப் பொறுப்புச் சங்கிலி நிறுவனத்தின் சுவரையும் தாண்டி நீள்கிறது.

எங்கள் அம்மா முப்பது வருஷத்துக்கும் மேல் வங்கியில் வேலை பார்த்தவர். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர்க் கிளையில் பல வருஷம் ஹெட் கேஷியர். ஸ்ட்ராங் ரூமில் இருக்கிற கேஷ் சேஃபுக்கு இரண்டு சாவி. ஒன்று அம்மாவிடம், இன்னொன்று அக்கவுண்டண்டிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். அம்மா தனியாகத் திறக்க முடியாது, அவரும் முடியாது. பொறுப்பைப் பகிர்வது என்றால் என்ன என்று நான் முதலில் கண்ணால் பார்த்தது அந்தச் சாவியில்தான், அப்போது தெரியாவிட்டாலும்.

தாத்தா இறந்துபோன ராத்திரி ஞாபகம் இருக்கிறது. ஒன்பது மணிக்குப் போன் வந்தது. அப்பா கார் கூப்பிடப் போயிருந்தார். அம்மா அழுதுகொண்டே கிளை மேனேஜர் வீட்டுக்குப் போன் போட்டார். அரை மணி நேரத்தில் மேனேஜரும் இன்னொரு அதிகாரியும் கீ ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அம்மா கைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். தேதி, நேரம், சாவி எண், கொடுத்தவர் கையெழுத்து, வாங்கியவர் கையெழுத்து. வந்த அதிகாரி சாவியில் பொறித்திருந்த எண்ணை டார்ச் அடித்துப் பார்த்து, ரிஜிஸ்டரில் இருக்கிற எண்ணோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அம்மாவின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். துக்க வீட்டு வாசலில் நின்று எண் சரிபார்க்கிறாரே என்று எனக்கு அப்போது அவர் மேல் ஆத்திரம். அம்மாவுக்கு ஆத்திரமே இல்லை. காரில் போகும்போது அப்பாவிடம், "நல்லவேளை, சாவியைச் சரியாப் பாத்து வாங்கிக்கிட்டார், இனிமே எனக்கு அந்தக் கவலை இல்ல" என்றார்.

அந்த வங்கியில் பணத்துக்கு இருந்தது நம் நிறுவனங்களில் டேட்டாவுக்கு இல்லை. அங்கே யாரும் "பணம் நம் அனைவரின் பொறுப்பு" என்று நோட்டீஸ் ஒட்டவில்லை. இந்தச் சாவி இன்றைக்கு இவர் கையில், அந்தச் சாவி அவர் கையில் என்று எழுதி வைத்தார்கள். லீவு போட்டால் சாவி யாரிடம் போகிறது என்று எழுதினார்கள். பெயர் இல்லாத நேரம் ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை.

திருவாரூரில் ஆழித்தேர் ஓடும்போது வடம் பிடிக்க ஊரே வரும். யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம். ஆனால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் யார் வேண்டுமானாலும் இருக்க முடியாது. அது பழகிய ஆட்களின் வேலை. எந்தச் சக்கரத்துக்கு யார் என்பதில் குழப்பம் வந்தால் தேர் தெருவில் நிற்காது. எல்லாருமாகச் சேர்ந்து செய்கிற வேலை என்பதும், இன்ன இடம் இன்னாருடையது என்பதும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை. நம் நிறுவனங்கள் வடத்தை எல்லார் கையிலும் கொடுத்துவிட்டு, முட்டுக்கட்டைக்கும் "எல்லாரும்" என்று எழுதிவிட்டன.

எங்கள் மேனேஜர் இதை உணர்ந்தார் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். முதல் வேலையாகப் பட்டியல் போட்டோம். எந்தெந்த டேட்டாபேஸ், எந்த டேபிளில் தனிமனித விவரம் இருக்கிறது, எங்கெங்கே அதன் காப்பி இருக்கிறது. இரண்டு நாள் வேலை என்று நினைத்தது மூன்று வாரம் இழுத்தது. யாரோ எப்போதோ எடுத்த எக்ஸெல் ஷீட்டுகள், பொதுவான ஃபோல்டரில் பழைய அறிக்கைகள், வேலையை விட்டுப்போனவரின் பெயரில் இருந்த ஒரு முழு சர்வர்.

அடுத்தது பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள், ஒரு மாற்று ஆள். டீம் பெயர் போடக் கூடாது, ஆள் பெயர்தான். இங்கேதான் முட்டிக்கொண்டது. யாரும் பெயர் கொடுக்கத் தயாரில்லை. டேட்டாபேஸ் பையனுக்கு என்ன ஆனது என்று எல்லாரும் பார்த்திருந்தார்களே. "பேரு போட்டா நாளைக்கு நான்தான் மாட்டுவேன்" என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பொறுப்பை மட்டும் கொடுத்து அதிகாரத்தைக் கொடுக்காமல் விட்டால் அதற்குப் பகிர்வு என்று பெயர் இல்லை. மாட்டிவிடுவது என்றுதான் பெயர்.

மேனேஜர் ஒரு வாரம் யோசித்தார். பிறகு எழுதிக் கொடுத்தார்: பெயர் போட்டிருக்கிறவர் "முடியாது" என்று சொன்னால் அந்த டேட்டா நகராது. வாடிக்கையாளர் அவசரப்படுத்தினாலும், மேலே இருப்பவர் கேட்டாலும் நகராது. மீற வேண்டுமானால் மீறுகிறவர் தன் பெயரில் எழுத்தில் கொடுக்க வேண்டும், அப்போதிலிருந்து பொறுப்பு அவருடையது. அந்த ஒரு வரி வந்த பிறகு பெயர்கள் வந்தன. மூன்று டேட்டாபேஸுக்கு என் பெயரைக் கொடுத்தேன். முதல் மாதத்தில் இரண்டு தடவை "முடியாது" சொன்னேன். இரண்டு தடவையும் கை நடுங்கியது. இரண்டு தடவையும், நிஜ டேட்டா இல்லாமலே வேலை முடிந்துவிட்டது; பெயரையும் எண்களையும் மறைத்துக் கொடுத்த காப்பியே போதுமாக இருந்தது.

காப்பி எடுத்தால் அது தானாக அழியும் தேதியையும் சேர்த்தேதான் எடுக்க முடியும் என்று மாற்றினோம். வெள்ளிக்கிழமையை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அழித்த பிறகு அழித்தவரைத் தவிர இன்னொருவர் தேடிப் பார்த்து "இல்லை" என்று எழுத வேண்டும், எங்கெங்கே தேடினார் என்பதையும் சேர்த்து. உள் ஃபோல்டரைப் பார்க்காமல் "கிடைக்கவில்லை" என்று எழுதிய கதையைப் படித்த பிறகு அந்த வரியை நான்தான் சேர்க்கச் சொன்னேன். எச்சரிக்கை மெயில் அறுபது பேருக்குப் போவதையும் நிறுத்தினோம். இரண்டு பேருக்குப் போகும். இருவரில் ஒருவர் "எடுத்துக்கொண்டேன்" என்று சொல்லும்வரை விடாது. நான்கு மணி நேரத்தில் பதில் வராவிட்டால் அடுத்த படிக்குப் போன் போகும்.

லிஃப்ட் வாசல் நோட்டீஸ் மட்டும் அப்படியே இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் செய்தாக வேண்டிய ஆன்லைன் பயிற்சியும் அப்படியே இருந்தது. அடுத்தது, அடுத்தது என்று அழுத்திப் பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னால் சான்றிதழ் வந்துவிடும். அதில் ஒரு இடத்திலாவது, உங்கள் டேபிளுக்குப் பொறுப்பு யார், அவர் பெயர் என்ன என்று கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது சட்டமும் வந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாகின, முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசத்தோடு. போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். நம் விவரத்தை வாங்கி வைத்திருக்கிற நிறுவனத்தை அந்தச் சட்டம் 'டேட்டா ஃபிடூஷியரி' என்கிறது. ஃபிடூஷியரி என்றால் நம்பி ஒப்படைக்கப்பட்டவர். எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது. டேட்டா அவர் சொத்து இல்லை, டெய்லர் மாமாவின் சொத்து. இவர் கையில் கொடுத்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். வேலையை வெளியே வேறொரு நிறுவனத்துக்குக் கொடுத்தாலும் பொறுப்பு முதலில் வாங்கியவரிடமேதான் இருக்கும், எந்த ஒப்பந்தம் போட்டும் அதைக் கை மாற்ற முடியாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது. சேவை நிறுவனங்களில் வேலை பார்க்கிற நாம் இதைப் படித்துவிட்டு, அப்படியானால் நமக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. சட்டம் நிறுவனத்தைத்தான் கேட்கும். நிறுவனத்துக்குள் யாரைக் கேட்பது என்பதை அது சொல்லாது, அதை நாம்தான் எழுதி வைக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்தே, இணையத் தாக்குதல் தெரிய வந்தால் ஆறு மணி நேரத்துக்குள் நம் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்லியாக வேண்டும் என்ற உத்தரவு இருக்கிறது. எங்கள் காப்பி யாருடையது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனதை நினைத்துப் பார்க்கிறேன்.

அந்த மூன்று காப்பிகளையும் வெளியாள் யாராவது பார்த்தார்களா? சர்வரில் யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவு தொண்ணூறு நாளுக்கு மட்டுமே இருந்தது. அந்தத் தொண்ணூறு நாளில் தவறாக எதுவும் இல்லை. அதற்கு முந்தைய பதினொரு மாதத்தைப் பற்றி யாராலும் எதுவும் சொல்ல முடியவில்லை. டெய்லர் மாமாவுக்கு யாரும் எதுவும் சொல்லவும் இல்லை. அப்போது அப்படிச் சொல்லியாக வேண்டும் என்ற சட்டம் இல்லை. இனிமேல் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்லியாக வேண்டும். அவருக்கு நான் ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன் என்றே இன்னும் தோன்றுகிறது.

போன வருஷம் வேறு பிராஜெக்டுக்கு மாறினேன். கடைசி நாள் என் பெயரில் இருந்த மூன்று டேட்டாபேஸ்களையும் ஒப்படைக்க வேண்டும். வாங்கிக்கொள்ள வந்தது அந்தப் பெண்தான். இப்போது அவள் சீனியர். கேன்டீனில் எனக்காகக் கேக் வாங்கி வைத்துவிட்டு எல்லாரும் காத்திருந்தார்கள். படிவத்தில் என் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினேன்.

"ஒரு நிமிஷம்க்கா" என்றாள். "நான் ஒரு தடவை பாத்துட்டு சைன் பண்றேன்."

டேபிள் டேபிளாகப் பார்த்தாள். காப்பிகளின் தேதியைப் பார்த்தாள். யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்ற பட்டியலை எடுத்து, அதில் போன மாதம் வேலையை விட்டுப்போன ஒருவரின் பெயரைக் கண்டுபிடித்து, "இதை எடுத்துடுங்கக்கா, அப்புறம் வாங்கிக்கிறேன்" என்றாள். எடுத்தேன். கேன்டீனிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. நாற்பது நிமிஷம் ஆனது. நேரத்தைப் பார்த்து, தேதிக்குப் பக்கத்தில் நான்கு மணி பத்து நிமிஷம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.